ஒரு படி கீழே நின்றுபோன அறுபதுகளின் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இங்கிலீஷ் பாட்டு பற்றி எங்கள் கூட்டத்தில் பேச்சு எடுத்தால் கடைசியில் சண்டை இங்கேதான் வந்து நிற்கும். 1960களில் இரண்டாமிடம் வரை வந்து, முதலிடத்தைத் தொடாமலே இறங்கிப்போன பாட்டுகளில் எதற்கு நிஜமாகவே அநியாயம் நடந்தது? ஒரே பதிலை எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாக எழுதுவது என்று எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டேன். ரசனை என்னுடையது, கணக்கு அந்தக் காலத்துப் பட்டியல்களுடையது.

இரண்டாமிடம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அமெரிக்கா என்றால் பில்போர்டு பத்திரிகை வாராவாரம் போடும் ஹாட் 100, அதாவது அந்த வாரம் அதிகம் ஓடிய நூறு பாட்டுகளின் வரிசை. 1958 ஆகஸ்டில் தொடங்கியது. கேஷ் பாக்ஸ் என்ற போட்டிப் பத்திரிகையும் தனியாக ஒரு பட்டியல் போட்டது, அது அங்கங்கே மாறுபடும், அவ்வளவுதான்.

இங்கிலாந்துதான் சிக்கல். அறுபதுகளில் பெரும்பாலான காலம் அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியல் என்று ஒன்று இருந்ததே இல்லை. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் 1952லிருந்து ஒன்று போட்டது, மெலடி மேக்கர் ஒன்று, டிஸ்க் ஒன்று, 1960 மார்ச்சிலிருந்து ரெக்கார்டு ரீட்டெய்லர் ஒன்று. பிபிசி இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து தன் பங்குக்கு ஒன்று வாசித்தது. 1969 பிப்ரவரியில்தான் பிபிசியும் ரெக்கார்டு ரீட்டெய்லரும் சேர்ந்து ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரெக்கார்டு ரீட்டெய்லர் என்பது பெயரிலேயே இருப்பதுபோல கடைக்காரர்களுக்கான தொழில் பத்திரிகை. பாட்டு கேட்கிற பையன்கள் காசு கொடுத்து வாங்கியது மற்ற பத்திரிகைகளை. ஆனால் 1977இல் கின்னஸ் பெயரில் பிரிட்டிஷ் ஹிட் சிங்கிள்ஸ் புத்தகம் வந்தபோது, தொகுத்தவர்கள் 1960க்குப் பிறகு ரெக்கார்டு ரீட்டெய்லரையே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அதுவே அதிகாரபூர்வக் கணக்காகிவிட்டது. எங்கள் சண்டைகளில் பாதிக்கு மூலகாரணம் இந்த ஒரு முடிவு.

அப்போதெல்லாம் எப்படித்தான் எண்ணினார்கள்?

எண்ணவே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸின் முதல் பட்டியல் எப்படி உருவானது என்றால், விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 ரெக்கார்டு கடைகளுக்கு ஃபோன் போட்டு, இந்த வாரம் எது நன்றாகப் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைக்காரர் வரிசையாகச் சொல்வார், அந்த வரிசைக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். ஒரு கடையில் ஆயிரம் ரெக்கார்டு விற்ற முதலிடமும் இன்னொரு கடையில் நாற்பது விற்ற முதலிடமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். ரெக்கார்டு ரீட்டெய்லர் தொடங்கியபோது அதுவும் சுமார் 30 கடைகளை வைத்துத்தான் 50 பாட்டுக்கு வரிசை போட்டது. அமெரிக்காவில் பில்போர்டு கடைகளையும் கேட்டது, வானொலி நிலையங்களையும் கேட்டது, இரண்டையும் கலந்து ஒரு வரிசை.

ஆக ஒரு பாட்டு முதல் பத்துக்குள் இருந்தது என்றால் தாராளமாக நம்பலாம். ஒன்றா இரண்டா என்றால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

சரி, எதை வைத்து அநியாயம் என்று தீர்ப்பு சொல்கிறீர்கள்?

இரண்டு விஷயம் பார்ப்பேன். முதலாவது, அதே வாரங்களில் வேறு ஏதாவது பெரிய பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடம் வந்ததா? வந்திருந்தால் அது தோற்றதே சந்தேகத்துக்குரியது. இரண்டாவது என் சொந்தச் சோதனை: ஜெயித்ததையும் தோற்றதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன், எதைப் பாதியில் நிறுத்த மனசு வரவில்லையோ அதுதான் எனக்கு முதலிடம். சமமாக இரண்டும் நின்றால் அநியாயம் இல்லை, துரதிர்ஷ்டம் மட்டும்தான். பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் எது?

எல்லாரும் எதிர்பார்க்கிற பதில்தான். 1967 பிப்ரவரியில் பீட்டில்ஸ் ஒரே ரெக்கார்டில் இரண்டு பக்கத்தையும் முதல் பக்கமாக அறிவித்து வெளியிட்டார்கள்: ஒரு பக்கம் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர், மறுபக்கம் பென்னி லேன். பாப் இசையில் இதைவிட நல்ல சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டு) ஒன்றை இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. அதை இரண்டாமிடத்திலேயே நிறுத்தி வைத்தது எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் ரிலீஸ் மீ. மார்ச் தொடக்கத்தில் ஏறி ஆறு வாரம் நகரவே இல்லை. பீட்டில்ஸ் 1963லிருந்து தொடர்ச்சியாக 11 சிங்கிள் முதலிடம் வைத்திருந்தார்கள், அந்த ஓட்டம் அங்கே நின்றது.

ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸைக் கொஞ்சம் கிட்டே போய்க் கேளுங்கள். பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கு ஒரு பதிவின் தொடக்கமும் வேறொரு பதிவின் மீதியும் பிடித்திருந்தன. முதலாவது நிதானமான கிட்டார் இசை, இரண்டாவது செல்லோவும் டிரம்பெட்டும் சேர்ந்த முரட்டு வாசிப்பு. வேகமும் வேறு, சுருதியும் வேறு. ஒட்டிவிடுங்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் ஒரு டேப்பை வேகப்படுத்தி இன்னொன்றை மெதுவாக்கி, இரண்டும் ஒரே சுருதிக்கு வந்த இடத்தில் வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி சரியாக ஒரு நிமிடம் ஆகும்போது அந்த ஒட்டு வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் லெனனின் குரல் அங்கே திடீரென்று கனத்து, தண்ணீருக்குள் இறங்கினாற்போல ஆகும். ஒட்டு என்று தெரிந்த பிறகும் அது குறையாகப் படவில்லை என்பதுதான் அதிசயம்.

பென்னி லேன் பக்கம் மட்டும் சாதாரணமா என்ன? பாக் எழுதிய பிராண்டன்பர்க் கச்சேரியை பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதில் வாசித்த டேவிட் மேசனையே கூப்பிட்டு உச்சஸ்தாயி டிரம்பெட் வாசிக்க வைத்தார்.

இத்தனைக்கும் மெலடி மேக்கர் பட்டியலில் இந்த ரெக்கார்டு முதலிடம் வந்தது. அமெரிக்காவில் பென்னி லேன் தனியாக ஹாட் 100இல் முதலிடம் தொட்டது. என் இரண்டு சோதனையிலும் பாஸ்.

அப்படியென்றால் ரிலீஸ் மீ மோசமான பாட்டா? நம்ம மெட்ராஸ்காரர் பாட்டு ஆச்சே!

ஆமாம், மெட்ராஸ்காரர்தான். 1936இல் இங்கே பிறந்தபோது பெயர் அர்னால்டு ஜார்ஜ் டார்ஸி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார், பையன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் லெஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டது. அதைவிட சுவாரஸ்யம், அவருக்கு ஹம்பர்டிங் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரைத் தூக்கி வைத்த மேனேஜர் கார்டன் மில்ஸ் இருக்கிறாரே, அவரும் மெட்ராஸில் பிறந்தவர். ஆக பீட்டில்ஸின் ஓட்டத்தை நிறுத்திய கூட்டணியில் இரண்டு பேருக்குப் பிறந்த ஊர் ஒன்றுதான். சென்னையில் இதற்கு ஒரு போர்டுகூட இல்லை என்பது என் வருத்தம்.

பாட்டு மோசமில்லை. 1940களின் கடைசியில் எழுதப்பட்ட அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு, பலர் பாடியது. இவர் பாடும்போது கல்யாண வீட்டில் கண் கலங்குகிற பெரியப்பாக்களுக்கு ஏற்ற மாதிரி இருக்கும். லண்டன் பல்லேடியம் மேடையில் ஞாயிறு இரவு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வரவேண்டிய டிக்கி வாலன்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, கடைசி நேரத்தில் இவரை ஏற்றினார்கள். குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி அது. ரெக்கார்டு பிய்த்துக்கொண்டு போனது, இங்கிலாந்தில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். பட்டியலில் 56 வாரம் தொடர்ந்து இருந்தது. அந்த விற்பனையை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் பீட்டில்ஸ் வாங்கினார்கள், பிள்ளைகளின் அம்மாக்களும் அப்பாக்களும் பாட்டிகளும் வருஷத்துக்கு ஒன்று வாங்குகிற ரெக்கார்டாக இதை வாங்கினார்கள். அவர்கள் காசும் காசுதானே. ஆனால் இரண்டாவது சோதனையில் எனக்கு ரிலீஸ் மீ இரண்டாம் சரணம் தாண்டுவதில்லை.

பீட்டில்ஸின் முதல் நம்பர் ஒன் எது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

1963இன் ப்ளீஸ் ப்ளீஸ் மீ என்பவர்களும் சரி, ஃப்ரம் மீ டு யூ என்பவர்களும் சரி. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர் இரண்டிலும் ப்ளீஸ் ப்ளீஸ் மீ முதலிடம் வந்தது. ரெக்கார்டு ரீட்டெய்லரில் மட்டும் ஃபிராங்க் ஐஃபீல்டின் தி வேவர்ட் விண்டுக்குக் கீழே இரண்டாவது. பதிவு முடிந்ததுமே ஜார்ஜ் மார்ட்டின் இது உங்கள் முதல் நம்பர் ஒன் என்று மைக்கில் சொன்னார் என்பது பிரபலமான கதை. அன்றைய ரசிகர்களுக்கு அவர் சொன்னது பலித்தது, பின்னால் வந்த புத்தகம்தான் அதைப் பொய்யாக்கியது. 2000இல் வெளிவந்த முதலிடப் பாட்டுத் தொகுப்பில் 27 பாட்டு இருக்கிறது, ப்ளீஸ் ப்ளீஸ் மீ இல்லை. ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸும் இல்லை. அந்த ஆல்பத்தை மட்டும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல்.

வாட்டர்லூ சன்செட்?

1967 மே. கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் எழுதியது. ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, ஸ்டேஷனில் சந்திக்கிற ஒரு ஜோடியை வேடிக்கை பார்க்கிற ஆளின் பாட்டு. முதலில் லிவர்பூலை வைத்து எழுத நினைத்தார், லிவர்பூலைப் பற்றி பீட்டில்ஸ் பாட்டு வந்துவிட்டதால் லண்டனுக்கு மாற்றினார். பெரிய சத்தம் எதுவும் கிடையாது, பேஸ் கிட்டார் படி இறங்குவதுபோல இறங்கும், பின்னால் கூட்டுக்குரல் மெல்ல விரியும். மூன்றேகால் நிமிடத்தில் ஒரு சிறுகதை.

இதைத் தடுத்தது ட்ரெமலோஸ் பாடிய சைலன்ஸ் இஸ் கோல்டன். அது 1964இல் அமெரிக்காவின் ஃபோர் சீசன்ஸ் ராக் டால் ரெக்கார்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு, இவர்கள் எடுத்து அப்படியே பாடினார்கள். குரல்கள் சுத்தமாக இருக்கும், பழி சொல்ல மாட்டேன். இன்னொரு விஷயம்: 1962 தொடக்கத்தில் டெக்கா கம்பெனி பீட்டில்ஸை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டது இதே ட்ரெமலோஸைத்தான், அப்போது பிரையன் பூல் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கதையில் குறுக்கே வந்து நிற்பதே அவர்கள் ஜாதகம் போலிருக்கிறது.

கிங்க்ஸுக்கு அப்போது அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் தடை போட்டிருந்தது, 1965லிருந்து நான்கு வருடம் அங்கே போய்ப் பாட முடியவில்லை. ஆக அங்கேயும் இந்தப் பாட்டு எடுபடவில்லை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை, பெரிய அநியாயங்களில் இரண்டாவது இது.

பீச் பாய்ஸின் காட் ஒன்லி நோஸ் விட்டுப்போச்சே?

விடவில்லை. 1966இல் இங்கிலாந்தில் இரண்டாவது வந்தது. மேலே இருந்தது பீட்டில்ஸின் யெல்லோ சப்மரீன், அதே ரெக்கார்டின் மறுபக்கம் எலினோர் ரிக்பி. யெல்லோ சப்மரீனோடு மட்டும் மோதியிருந்தால் நானே கொடி பிடித்திருப்பேன். எலினோர் ரிக்பி எதிரில் நிற்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். துரதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நடந்ததுதான் கொடுமை, அங்கே இதை இன்னொரு பாட்டின் பின்பக்கத்தில் போட்டுவிட்டார்கள், 39க்கு மேல் ஏறவில்லை.

ஹூ குழுவுக்கு ஒரு முதலிடம்கூட இல்லையாமே?

அதிகாரபூர்வக் கணக்கில் சிங்கிள் எதுவும் இல்லை. 1965இல் மை ஜெனரேஷன் இரண்டாவது, அடுத்த வருஷம் ஐ அம் எ பாய் இரண்டாவது, ஆனால் ஐ அம் எ பாயை மெலடி மேக்கர் முதலிடத்தில் போட்டது. மை ஜெனரேஷனுக்குக் குறுக்கே வந்தது சீக்கர்ஸின் தி கார்னிவல் இஸ் ஓவர். ஒரு பழைய ரஷ்ய நாட்டுப்பாட்டு மெட்டுக்கு டாம் ஸ்பிரிங்ஃபீல்டு வார்த்தை போட்டது. ஒரு பக்கம் திக்கித் திக்கிக் கத்துகிற பையன், இன்னொரு பக்கம் பிரிவைப் பற்றி ஜூடித் டர்ஹாமின் மணி போன்ற குரல். நான் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: இதில் ஜெயித்த பாட்டுதான் எனக்குப் பிடிக்கும்.

அமெரிக்கப் பக்கம் வாருங்கள். லூயி லூயி ஏன் முதலிடம் வரவில்லை?

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. 1963 ஏப்ரலில் போர்ட்லாந்து நகரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. கிங்ஸ்மென் என்ற உள்ளூர்ப் பையன்கள், செலவு 50 டாலர் என்று சொல்வார்கள். பாடியவர் ஜாக் ஈலி. மைக் எங்கோ மேலே தொங்குகிறது, அண்ணாந்து எம்பி நின்று கத்தவேண்டியிருக்கிறது, போதாக்குறைக்குப் பல்லில் கம்பி. ஒரு வார்த்தை புரியாது. கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் ஈலி அவசரப்பட்டு முன்னாடியே பாட ஆரம்பித்து, தப்பு தெரிந்து சட்டென்று நிறுத்துவார். டிரம்ஸ்காரர் ஒரு உருட்டு உருட்டிச் சமாளிப்பார், மறுபடி தொடங்குவார். இரண்டாவது நிமிடம் நெருங்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள், அப்பட்டமாகக் கேட்கும். திருத்தாமல் அப்படியே ரெக்கார்டு போட்டார்கள்.

வார்த்தை புரியாததால் ஆளாளுக்கு ஆபாசமாகக் கற்பனை செய்துகொண்டார்கள். உண்மையில் அது ஊருக்குப் போய்க் காதலியைப் பார்க்கத் தவிக்கிற ஒரு மாலுமியின் அப்பாவிப் பாட்டு. இண்டியானா மாநில ஆளுநர் மாத்யூ வெல்ஷ் இதை ஒலிபரப்பக் கூடாது என்று வானொலிக்காரர்களிடம் சொல்லுமளவுக்குப் போனது. எஃப்.பி.ஐ. வேறு விசாரணை நடத்தியது. ரெக்கார்டை வேகமாகவும் மெதுவாகவும் சுழற்றிக் கேட்டுவிட்டு, எந்த வேகத்தில் போட்டாலும் புரியவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அரசாங்கச் செலவில் நடந்த ஆகச்சிறந்த இசை விமர்சனம் இதுதான்.

ஹாட் 100இல் 1963 டிசம்பரிலும் 1964 ஜனவரியிலுமாக ஆறு வாரம் இரண்டாமிடம். முதலில் மேலே உட்கார்ந்திருந்தது ஒரு பெல்ஜியக் கன்னியாஸ்திரீ பிரெஞ்சில் பாடிய டொமினிக். கென்னடி சுடப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, நாடு எந்த மனநிலையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அது இறங்கியதும் பாபி வின்டனின் ஒரு மென்மையான காதல் பாட்டு வந்து உட்கார்ந்தது. கேஷ் பாக்ஸ் பட்டியலில் லூயி லூயி முதலிடம் வந்ததை மட்டும் மறக்காதீர்கள்.

எழுதிய ரிச்சர்டு பெர்ரி கதை தனி. கல்யாணச் செலவுக்காக உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார், பல வருஷம் கழித்து 1980களில்தான் நியாயமான பங்கு திரும்பக் கிடைத்தது. பாடிய ஈலியோ, பாட்டு ஹிட்டாகும் முன்பே குழுவிலிருந்து வெளியே. முதலிடம் கிடைக்காதது இவர்கள் பட்டதில் கடைசிக் கவலை.

பாப் டிலனின் லைக் எ ரோலிங் ஸ்டோன்?

1965 செப்டம்பரில் இரண்டாவது. மேலே பீட்டில்ஸின் ஹெல்ப்! மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் வானொலிக்காரர்கள் முகம் சுளிக்கிற காலத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய ரெக்கார்டுகளில் பாதியை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமுமாக வெட்டிப் போட்டார்கள். பாதியில் நிறுத்தினால் கேட்பவர்கள் ஃபோன் செய்து மீதியையும் போடு என்றார்கள். வானொலி ஓட்டமும் சேர்ந்துதான் ஹாட் 100 கணக்கு என்பதால், நீளம் நிச்சயம் இதன் காலை வாரியிருக்கும் என்பது என் ஊகம்.

அந்த ஆர்கன் சத்தம் வந்த விதம் தெரியும்தானே? அல் கூப்பர் அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்த 21 வயது கிட்டார்காரர். ஆர்கன் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார், ஸ்வரம் சரியா என்று மற்றவர்கள் வாசித்த பிறகே விரலை வைத்ததால் ஒரு இமைப்பொழுது பிந்தியே வரும். டிலன் அதையே சத்தமாக வை என்று சொல்லிவிட்டார்.

அநியாயமா? ஹெல்ப்! நல்ல பாட்டு. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் பாப் பாட்டு என்றால் என்ன என்பதையே மாற்றியது எது என்று கேட்டால், ஹெல்ப்! பாடியவர்களே டிலனைத்தான் கை காட்டியிருப்பார்கள். அவர் எழுதிய மிஸ்டர் டாம்பரின் மேனை பேர்ட்ஸ் குழு பாடி அதே வருஷம் ஜூனில் முதலிடம் தொட்டது. அடுத்தவர் குரலில் கிடைத்தது அவர் குரலில் கிடைக்கவில்லை.

கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் ஐந்து முறை இரண்டாவதாமே, நிஜமா?

நிஜம். 1969இல் ப்ரவுட் மேரி, பேட் மூன் ரைசிங், க்ரீன் ரிவர், 1970இல் இன்னும் இரண்டு. ஐந்தும் ஹாட் 100இல் இரண்டோடு நின்றன, முதலிடம் ஒன்றுகூட இல்லை. யாரிடம் தோற்றார்கள் என்று பார்த்தால்தான் வயிற்றெரிச்சல். ப்ரவுட் மேரிக்கு மேலே முதலில் ஸ்லை ஸ்டோனின் எவ்ரிடே பீப்பிள், அது நியாயம். அடுத்து டாமி ரோவின் டிஸ்ஸி. பேட் மூன் ரைசிங்கை நிறுத்தியது ஹென்றி மான்சினியின் ரோமியோ ஜூலியட் படப் பியானோ இசை. க்ரீன் ரிவரை நிறுத்தியது சுகர் சுகர், அதாவது தொலைக்காட்சி கார்ட்டூனில் வருகிற ஆர்ச்சீஸ் என்ற இல்லாத ஒரு குழு. இங்கிலாந்துக்காரர்களுக்காவது புத்தி இருந்தது, பேட் மூன் ரைசிங்கை அங்கே மூன்று வாரம் முதலிடத்தில் வைத்தார்கள். (சுகர் சுகரை எட்டு வாரம் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

டான்சிங் இன் தி ஸ்ட்ரீட், கிரேப்வைன் போன்ற மோடவுன் கம்பெனிப் பாட்டுகள்?

மார்த்தா அண்டு தி வாண்டெல்லாஸின் டான்சிங் இன் தி ஸ்ட்ரீட் 1964 அக்டோபரில் இரண்டாவது, மான்ஃப்ரெட் மேனின் டூ வா டிடி டிடி முதலாவது. இரண்டையும் ஒரு கல்யாண வீட்டில் போட்டுப் பாருங்கள், எதற்கு ஆட்கள் எழுந்து வருகிறார்கள் என்று.

கிரேப்வைன் விஷயம் வேறு. கிளாடிஸ் நைட் பாடியது 1967 டிசம்பரில் மங்கீஸின் டேட்ரீம் பிலீவருக்குக் கீழே இரண்டாவது. அதே பாட்டை அதற்கு முன்பே மார்வின் கே பாடிப் பதிவு செய்திருந்தார், மோடவுன் முதலாளி பெர்ரி கார்டிக்குப் பிடிக்காமல் கிடப்பில் போட்டார். பின்பு ஆல்பத்தில் இருந்ததை வானொலிக்காரர்கள் தாங்களாகவே எடுத்து ஒலிக்கவிட, சிங்கிளாக வெளியிட்டு 1968 டிசம்பரிலிருந்து ஏழு வாரம் முதலிடம். பாட்டுக்கு நியாயம் கிடைத்துவிட்டது, கிளாடிஸுக்குக் கிடைக்கவில்லை. இரண்டில் எது மேல் என்று கேட்டு என்னை மாட்டிவிடாதீர்கள்.

பெண் பாடகிகளில் யாருக்கு அநியாயம்?

லெஸ்லி கோர். யூ டோன்ட் ஓன் மீ பாடும்போது வயது 17. நான் உன் உடைமை இல்லை என்று ஒரு பெண் வானொலியில் நிமிர்ந்து பாடிய பாட்டு, தயாரிப்பு குவின்சி ஜோன்ஸ். 1964 பிப்ரவரியில் மூன்று வாரம் இரண்டாவது. மேலே ஐ வான்ட் டு ஹோல்டு யுவர் ஹேண்ட், பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கிய அதே மாதம். அந்த ஏப்ரல் 4இல் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸுக்கே என்றால் போட்டி எப்படிப்பட்டது என்று புரியும். வேறு எந்த மாதத்தில் வந்திருந்தாலும் இது முதலிடம். மழைக்காலத்தில் உப்பு விற்கப் போன கதை.

முதலிடமே வராமல் வருஷத்தின் நம்பர் ஒன் ஆன பாட்டு உண்டா?

உண்டு. சாம் தி ஷாம் குழுவின் வூலி புல்லி. 1965இல் எந்த வாரமும் ஹாட் 100இல் இரண்டைத் தாண்டவில்லை, ஆனால் மாதக்கணக்கில் இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்ததால் வருஷக் கடைசிக் கூட்டலில் பில்போர்டு அதையே முதலிடத்தில் போட்டது. சாடிஸ்ஃபாக்‌ஷன் என்ற ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு வந்த வருஷம் அது! இதை நியாயம் என்று வாதாட என்னிடம் சரக்கு இல்லை, ஆனால் வாராந்தர முதலிடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் காட்ட நல்ல உதாரணம்.

எல்விஸ் ரசிகர்கள் கோபப்படுகிறார்கள்.

கோபம் நியாயம்தான். கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ் 1962இல் அமெரிக்காவில் இரண்டாவது, அதே வருஷம் ரிட்டர்ன் டு சென்டர் ஐந்து வாரம் இரண்டாவது. இங்கிலாந்தில் இரண்டுமே முதலிடம். அவருக்கு ஏற்கெனவே இருக்கிற முதலிடங்களை வைத்துப் பார்த்தால் பெரிய நஷ்டமில்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்.

இரண்டாமிடத்தில் இருக்கும்போதே கடையிலிருந்து எடுத்துவிட்ட பாட்டு எது?

ஜெ தேம், 1969. செர்ஜ் கேன்ஸ்பூரும் ஜேன் பிர்கினும் பாடியது, பாதி பாட்டு பெருமூச்சு. பிபிசி தடை போட்டது. பட்டியலில் இரண்டாவதாக இருந்தபோது வெளியிட்ட ஃபோன்டானா கம்பெனி சங்கடப்பட்டுப் பின்வாங்கியது. உடனே மேஜர் மைனர் என்ற சின்னக் கம்பெனி உரிமையை வாங்கி அதையே மறுபடி வெளியிட்டு, அக்டோபரில் முதலிடம் ஏற்றியது. தடை மட்டும் போடாமல் இருந்திருந்தால் அது ஏழோ எட்டோ வந்து போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் நம்ம ஊரில் யார் கேட்டார்கள்?

ரேடியோ சிலோனின் ஆங்கில ஒலிபரப்பு ஒன்று போதும், இந்தப் பாட்டுகள் கடல் தாண்டி வந்தன. எங்கள் வீட்டில் ஒரு மாமா, கரகரப்புக்கு நடுவில் வந்த பாட்டுப் பெயர்களை பழைய டைரியில் குறித்து வைத்திருந்தார். பாதி எழுத்துப் பிழை. அவருடைய வரிசையில் ரிலீஸ் மீதான் முதலிடம், அடிக்கோடு வேறு. நான் இத்தனை எழுதியதையும் படித்துக்காட்டினால் அவர் சிரித்துவிட்டு மறுபடி அதையே போடச் சொல்வார்.

கடைசியாக, மூன்றே மூன்று பாட்டுக்கு முதலிடத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால்?

ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் பென்னி லேன் ரெக்கார்டு, வாட்டர்லூ சன்செட், லூயி லூயி. டிலனை விட்டதற்குத் திட்டு வரும் என்று தெரியும். லூயி லூயிக்குப் பதிலாக யூ டோன்ட் ஓன் மீ என்று போன மாதம் வரை வைத்திருந்தேன், நேற்று மறுபடி அந்தத் தப்பான இடத்தைக் கேட்டதும் மாற்றிவிட்டேன்.